இரண்டு கிண்ணமும் கடுங்காரம்

...ஒரே கிண்ணத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து எடுப்பதா, இல்லை ஆளுக்கொன்றா, என்று ஷுச்சின் இடுக்கியும் கையுமாக நின்றாள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாமே ஆளுக்கொன்றுதானே, எதிரே திருமணப் பதிவு அலுவலகம், மதியத் தூக்கத்துக்குப் பூட்டிவிட்டார்கள், இரண்டு மணிக்குத் திறந்ததும் அவளும் யாவ்ஹுவாவும் கையெழுத்துப் போட்டு விவாகரத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பஸ் ஏற வேண்டியது, அதுவரை வெயிலில் நிற்க முடியுமா, பக்கத்தில் இருந்தது இந்தப் புதுக் காரச்சாறுக் கடைதான். காரத்துக்குப் பேர்போன லேஷான் ஊரில் பிறந்தவளுக்கு இந்தச் சாறு புதிதில்லை, ஆனால் இங்கே எல்லாரும் குச்சியில் கோத்து வேகவைத்துத்தான் தின்போம், இதென்ன கூத்து, துணிக்கடை மாதிரி அலமாரி அலமாரியாக அடுக்கி, வேண்டியதை நீயே பொறுக்கிக்கொள் என்கிறார்கள்... தாமரைக்கிழங்கு, காடை முட்டை, டோஃபு, மாட்டுக் குடல்... குடல் அவனுக்கு, டோஃபு அவனுக்கு, அடச்சே, கிண்ணத்தில் பாதி அவனுக்கே எடுத்திருக்கிறாள், கை என்ன கழுதையா, பழகிய வழியிலேயே போவதற்கு? எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள், ஆனால் தனக்கென்று எதை எடுப்பது என்று சட்டென்று பிடிபடவில்லை.

எடை போடும் பெண், "அத்தை, காரம் எப்படி? லேசா, நடுத்தரமா, கடுங்காரமா?" என்றாள், ஷுச்சின் வாயைத் திறப்பதற்குள் முன்னால் நின்ற யாவ்ஹுவா தன் கிண்ணத்தை நீட்டி, "கடுங்காரம், நாக்கு மரத்துப்போற மிளகும் அள்ளிப் போடும்மா" என்றான், யார், இவனா, வீட்டில் இத்தனை வருஷமாக மிளகாயையே தொடாதவனா? "எனக்கும் அதேதான்" என்று அவள் சொன்னதும் அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். மகள் வயிற்றில் இருந்தபோது அவளுக்கு நெஞ்செரிச்சல், அவனும் காரத்தை விட்டான், பிள்ளை பிறந்த பிறகு ஆசையாக ஒருநாள் காரமாகச் சமைத்து வைத்தாள், அவன் தொடவில்லை, சரி, வயிறு கெட்டுவிட்டது போல என்று அன்றைக்கு நினைத்தவள்தான், பிறகு ஒரே சப்பைச் சாறு, சப்பைக் கீரை, லேஷானில் இப்படியும் ஒரு வீடா என்று மாடிவீட்டுக்காரி கூடக் கேலி செய்தாள், ஷுச்சினோ வேலையிடத்துத் தோழிகளோடு சந்தில் நின்று குச்சி குச்சியாகத் தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு வருவாள்... திருட்டுத்தனமாய், சொந்த ஊரில், மிளகாய்க்கு!

சாறு வந்தது, எண்ணெய் சிவப்பாக மிதந்தது, அவன் குனிந்து மூக்கு ஒழுக ஒழுகத் தின்றான், முகமெல்லாம் வேர்த்து, கண் கலங்கி, இத்தனை சந்தோஷத்தை அவன் முகத்தில் அவள் பார்த்து எத்தனை காலம்... "உன் வயிறு?" என்றாள். "என் வயித்துக்கு என்ன? கல்லைத் தின்னாலும் கரையும்." "அப்போ அன்னிக்கு ஏன் தொடல?" "என்னிக்கு?" என்று கேட்டுவிட்டு, வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினான். "ஓ... நீ பால் குடுத்துக்கிட்டிருந்த. நான் தின்னா நீயும் தின்னுடுவ, பிள்ளைக்கு ஆகாதேன்னு. அப்புறம் நீ சப்புன்னே சமைச்ச. உனக்கு அதான் புடிக்குது போலன்னு விட்டுட்டேன்." "வாயத் திறந்து கேக்குறதுக்கு என்ன?" "நீ கேட்டியா?" அவள் கேட்கவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும், போ, இரண்டு பேரும் முழுப் பைத்தியங்கள்.

அந்த அலுவலகத்தின் கதவை யாரோ உள்ளிருந்து திறந்தார்கள், வாசலில் நின்றவர்கள் நகர ஆரம்பித்தார்கள், "திறந்துட்டாங்க" என்றான் அவன், எழுந்திருக்கவில்லை. இவ்வளவுக்கும் அவர்களுக்குள் சண்டையில்லை, இன்னொருத்தி இல்லை, மகள் சியான் நகருக்குப் படிக்கப் போனபின் வீட்டில் பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே அவன் கேட்டான், நாம பிரிஞ்சுட்டா உனக்கு நல்லாயிருக்குமா என்று, ஓகோ, இவனுக்குப் பிரிய வேண்டுமாம், அதை என் வாயால் சொல்ல வைக்கிறான் என்று நினைத்து, உன் இஷ்டம் என்றாள், அவனும் சரி, உனக்கு வேணும்னா போலாம் என்றான்... உனக்கு வேணும்னா. அவள் அப்போது அந்த வார்த்தையைக் காதில் வாங்கவே இல்லை. அப்படியானால் இது வேண்டும் என்று சொன்னது யார்? கேட்டுவிடலாம், இதோ எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான், ஒரே ஒரு கேள்வி, ஆனால் அவன், ஆமாம், எனக்குத்தான் வேணும் என்று சொல்லிவிட்டால்... அவனும் எழாமல், எதையோ கேட்க வருபவன் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.