ஓடிப்போய் நின்ற இடம்

சைரன் அலறியது. ஆம்புலன்ஸ் போல ஏறி இறங்கும் ஊளை.

சுபத்திரா கணினித் திரையைப் பார்த்தாள். கிழக்குப் பாறைச் சுவரின் நடுவில் சிவப்பாக ஒரு திட்டு. பாறை நகரும் வேகம் எல்லையைத் தாண்டியதும் ராடார் தானாகவே சைரனை அடித்துவிட்டது.

மலேசியாவில், செடெனாக் பக்கத்துக் கல்குவாரி அது. அங்கே சரிவுகளுக்குப் பொறுப்பான எஞ்சினியர் அவள். தொடர்மழையில் கிழக்குச் சுவரின் உச்சியில் விரிசல் விட்டதிலிருந்து, பாறைக்குள் இரும்புக் கம்பி இறக்கி மேலே வலை போர்த்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாதிதான் முடிந்திருந்தது.

ஜன்னலுக்கு வந்தாள். கண்ட்ரோல் அறை எதிர் மேட்டில் இருந்ததால் குவாரி முழுவதும் தெரிந்தது. கீழே வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கனகராஜும் அவருடைய ஆட்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் ஓடினார்கள்.

சுவரை நோக்கி ஓடினார்கள்.

சுவரடியில் ஒரு பழைய கன்டெய்னர் கிடந்தது. வெடி வைப்பது மேற்குப் பக்கத்தில். சிதறும் கல் அந்தக் கன்டெய்னர்வரை எட்டாது. அதனால் வெடிச் சங்கு கேட்டால் அதற்குள் பதுங்குவது பல வருடப் பழக்கம்.

இந்தச் சைரன் வேறு என்று முன்பே கேண்டீனில் வைத்து அவள்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். சத்தத்தையும் போட்டுக் காட்டினாள். "இது கேட்டா சுவர் சரியப்போகுதுன்னு அர்த்தம். உடனே பத்திரமான இடத்துக்கு ஓடணும்" என்றாள். எல்லோரும் தலையாட்டிவிட்டு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பத்திரமான இடம் எது என்று யாரும் கேட்கவில்லை. அது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

இப்போது எல்லோரும் கன்டெய்னருக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். "மண்டோர், வெளிய வாங்க. மெயின் கேட்டுக்குப் போங்க."

கரகரப்புதான் பதில். இரும்புப் பெட்டிக்குள் அலை நுழையாது. ஜீப்பில் போகலாமென்றால் குவாரியையே சுற்றவேண்டும். திரையில் சிவப்பு அகலமாகிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் கூலாய் டவுனில் மருந்து வாங்கவேண்டும் என்பது ஏனோ நினைவுக்கு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

வெடிக்குப் பொறுப்பான காளிதாஸ், கையில் பாதி ரொட்டி சானாயோடு வந்து நின்றார்.

"இந்த ஊளையை நிறுத்துங்க மேடம். நின்னா வந்துருவானுங்க."

"வந்துருவாங்களா?"

அவர் யோசித்தார். "மாட்டானுங்க. என்னோட நீட்டுச் சங்கு கேக்கணும். அதுவரைக்கும் கனகு ஒருத்தனையும் விடமாட்டான் லா. அன்னிக்கு தங்கராஜு ஒண்ணுக்கு முட்டுதுன்னு கெஞ்சியிருக்கான். காலி போத்தலை எடுத்துக் கையில குடுத்துட்டான்."

"அப்ப நீட்டுச் சங்கை ஊதுங்க."

"அலாமாக்! வெடியே வைக்கல மேடம்!"

"ஊதுங்க."

"ஆபத்து முடிஞ்சிருச்சுன்னு சொல்ற சங்கு அது. முடியலையே. பொய்யா ஊதினா என் லைசென்ஸே போயிரும்."

"நானே ஊதுறேன். எந்த பட்டன்?"

காளிதாஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்பதுபோல் கேட்கிறாளே என்று இருந்தது அவருக்கு.

"பச்சை," என்றார்.

ஊளையை நிறுத்தினாள். பச்சையை அழுத்தினாள். நீண்ட சங்கு குவாரி முழுக்கப் பரவி ஓய்ந்தது.

கன்டெய்னர் கதவு திறந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மெதுவாக வந்தார்கள். ஆபத்துதான் முடிந்துவிட்டதே, என்ன அவசரம்? தங்கராஜு சிகரெட் பற்றவைத்தான். ஒருவன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். கனகராஜ் கதவை ஒழுங்காகச் சாத்தித் தாழ் போட்டார்.

"மண்டோர், ஓடுங்க. கேட்டுக்கு ஓடுங்க."

இப்போது பதில் வந்தது. "என்ன மேடம், அதான் முடிஞ்சிருச்சே?"

"முடியல. சுவர் வருது. ஓடுங்க."

கனகராஜ் அண்ணாந்து பார்த்தார். தங்கராஜுவின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். எல்லோரும் ஓட்டமெடுத்தார்கள்.

முதலில் பொடிக்கல் உதிர்ந்தது. பிறகு போர்த்தியிருந்த வலை, அரிசி மூட்டை மாதிரி புடைத்தது. சற்று நேரம் தாங்கியது. அப்புறம் கிழிந்தது. சத்தம் ஜன்னலை எட்டியபோது கீழே புழுதியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

சுபத்திரா ஜீப்பை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைகளை எண்ணினாள். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினாள். சரியாகவே இருந்தது. அழுகை வரும், அல்லது நிம்மதியாவது வரும் என்று காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை. பூட்ஸில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கன்டெய்னரோட என் சோத்து டப்பாவும் கல்லுக்கடியில போச்சு மேடம்," என்றான் தங்கராஜு. "கோழி ரெண்டாங்."

"உயிரோட உக்காந்திருக்க. வாயைப் பாரு," என்று ஒருவன் அவன் ஹெல்மெட்டில் தட்டினான். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

கனகராஜ் எழுந்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்:

"அடுத்தது கொஞ்சம் கெட்டியான கன்டெய்னரா போடச் சொல்லுங்க மேடம். இல்லேன்னா உங்க சைரன் அடிச்சா நாங்க எங்க போய் ஒளியிறது?"