இரண்டு மாடிகளுக்கு நடுவே

லிஃப்டில் சிக்கியவர் கூப்பிட்டால், போனை எடுப்பது எங்கள் குடும்பத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். லிஃப்ட் பராமரிக்கும் எங்கள் கம்பெனியைத் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் எங்கள் முறை. சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பதில் சொல்லும் கம்பெனிகள் உண்டு. நாங்கள் அப்படி இல்லை.

மகனுக்குத் தொழிலில் நாட்டம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறான். கம்பெனி இப்போது மருமகள் கையில். குறை சொல்ல முடியாது. சாப்பிடும்போதும் போன் அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவில்தான் இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஒரு ஓட்டல்காரர் என் வீட்டுக்கே போன் செய்தார். அவருடைய லிஃப்டில் ஒரு அம்மாள் மாட்டிக்கொண்டாராம். எங்கள் கம்பெனியில் யாரோ ஒரு பையன் போனை எடுத்தானாம். "உங்க வீட்டுக் குரல் எங்கய்யா போச்சு?" என்று கேட்டார். எனக்குக் காது சிவந்துவிட்டது.

ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனேன். ஓட்டலுக்கு ஆள் போய்விட்டிருந்தது. மருமகள் எங்கே என்று கேட்டேன். முதலாளியம்மா லிஃப்டில் ஏறினார், அதற்குப் பிறகு அவருக்குப் போன் போகவில்லை என்றார்கள். எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழையது. கனத்த இரும்புப் பெட்டி. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மயங்கிக் கிடக்கிறாள் என்றே நினைத்தேன்.

எங்கள் மெக்கானிக்குகளுக்குத் தலைவனான மேஸ்திரியை எல்லோரும் 'கிரீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனை அழைத்துக்கொண்டு மேலே மோட்டார் அறைக்குப் போனேன். அன்றைக்கு அவன் முகமே சரியில்லை. மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கை அவன் தளர்த்திப் பிடித்துக்கொள்ள, சக்கரத்தை நானே கையால் சுற்றிப் பெட்டியை இரண்டாம் மாடிக்கு இறக்கினேன். இந்த வயதிலும் ஒரு விரல்கடை பிசகவில்லை. அவனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, கீழே வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தேன்.

மருமகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். அழவில்லை, மயக்கமும் இல்லை. நிறுத்தும் பொத்தானை அவளே அழுத்தியிருக்கிறாள்.

"கூப்பிட்டது கேக்கலையாம்மா?"

"கேட்டுச்சு மாமா. பதில் சொன்னா இறங்கணுமேன்னு இருந்துட்டேன்."

வாரம் ஒருமுறை இப்படி உட்காருவாளாம். வீட்டில் அறை இல்லையா என்று கேட்டேன். அறையில் இருந்தால் கதவைத் தட்டுவார்கள் என்றாள்.

"நேத்து கிரீஸ எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன் மாமா. தப்புன்னு இங்க வந்து உக்காந்தப்பறம்தான் உறைச்சுது. வெளிய இருக்கும்போது எனக்கு எதுவுமே உறைக்கிறதில்ல."

 அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினாள். நான் மேலே ஏறிப் போய், கயிற்றைச் சரிபார்க்க முதலாளியம்மாதான் லிஃப்டை நிறுத்தினாள் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். எங்கள் வீட்டுப் பெண் வேலை நேரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள் என்று வெளியே ஒரு பேச்சு வரக்கூடாது.

கதவைத் திறந்ததில் தவறில்லை. சிக்கியவரை இறக்குவதுதான் எங்கள் தொழில்.

ஆனாலும் அடுத்த வியாழக்கிழமை நானே போய் அவளுடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்தேன். "நீ போய் லிஃப்டுல இரும்மா. போனை நான் எடுக்கறேன்" என்றேன். எழுபது வயதில் என் குரலுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

அவள் சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு.

"வேணாம் மாமா. வெளிய நீங்க எனக்காகக் காத்துட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சா, உள்ள என்னால சும்மா உக்கார முடியாது."

அதற்குள் போன் அடித்தது; எடுத்துவிட்டாள். நான் எழுந்து வந்தேன்.

இப்போது வாடிக்கையாளர்களிடமிருந்து எந்தக் குறையும் வருவதில்லை. ஓட்டல்காரர்கூடப் பாராட்டினார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் நடுவில் நிற்பதில்லை. அவள் வேறு எங்காவது போய் உட்காருகிறாளா என்று நான் கேட்கவில்லை. எங்கும் போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். மேஸ்திரி வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். இராத்திரி சாப்பாட்டுக்கு நானும் அவளும் எதிரெதிரே உட்காருகிறோம். உப்பு வேண்டுமா என்று கேட்பாள். வேண்டாம் என்பேன்.