வேலுவின் கன்னம்

என் தங்கை பூவம்மாவுக்குப் பிள்ளை என்றால் கன்னம்தான். கன்னம் உப்பியிருந்தால் பிள்ளை தேறியிருக்கிறது. ஒட்டியிருந்தால் பெற்றவள் சரியில்லை. கெர்பாவ் சாலை மாடிவீட்டில் எங்களோடு குடியிருந்த அத்தனை பேருக்கும் அதே நினைப்புதான். அவளுடைய வேலுவை யார் தூக்கினாலும் முதலில் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவர்கள் போனதும் இவள் மிளகாய் சுற்றிப் போடுவாள். "கண்ணாவது மண்ணாவது" என்று நான் எரிந்து விழுவேன். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது.

ஐம்பத்தாறாம் வருஷம் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். வேலுவுக்கு அப்போது ஒன்றரை வயது. வயிற்றில் ஒன்று இருக்கும்போது மூத்ததுக்குத் தாய்ப்பால் ஆகாது என்பது எங்கள் வழக்கம். வேப்பிலை அரைத்துத் தடவிப் பாலை மறக்கடித்தாள். அதற்குப் பதிலாக இனிப்பு டின்பாலை வெந்நீரில் கலக்கிக் கொடுத்தாள். பசித்தால் சவ்வரிசிக் கஞ்சி. முட்டையும் மீனும் மாந்தம் என்று கண்ணிலேயே காட்டவில்லை. சும்மா சொல்லக்கூடாது, பையன் கொழுகொழுவென்று ஆனான். முடிதான் செம்பட்டையானது. நடப்பதையும் சிரிப்பதையும் விட்டுவிட்டான்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் தாதி குணமணி அவனைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவன் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இது சதையில்லை, பிள்ளை, தண்ணி."

"வயிறு நெறையத்தானேம்மா குடுக்கிறேன்?" என்றாள் பூவம்மா.

"நிறையத்தான். ஆனா சீனியும் கஞ்சியும் விறகு மாதிரி, எரிஞ்சு போயிடும். உடம்பைக் கட்டுறது புரதம். அது முட்டையிலை, மீனிலை, பருப்பிலை இருக்கு. ரத்தத்திலை தண்ணியைப் பிடிச்சு வைக்கிறதும் அதுதான். இவனுக்கு அது காணாது. தண்ணி கசிஞ்சு உடம்பெல்லாம் நிக்குது."

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். "இனி வத்துவான். வத்தினாத்தான் பிழைப்பான். பயப்பிடாதேங்கோ" என்று குணமணி இரண்டு முறை சொன்னார்.

வற்றினான். கன்னம் போனது, விலா எலும்பு தெரிந்தது, தொடைத்தோல் தொங்கியது. ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தான். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான்.

"தேறிக்கிட்டு வர்றான்டி, சிரிக்கிறான் பாரு."

"என்னக்கா தேறுறான்? கொழுக்கட்டை மாதிரி குடுத்தேன், எலும்பாக்கி வச்சிருக்காங்க. இன்னும் விட்டா ஒண்ணும் மிஞ்சாது லா!"

நான் சிரிப்பைப் பார்த்தேன், அவள் கன்னத்தைப் பார்த்தாள். மறுநாள் நான் வேலை முடிந்து வருவதற்குள் அவளும் அவள் புருஷன் மருதப்பனும் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். அவள் டின்பால் கலக்கிக்கொண்டிருந்தாள். தெருவே கேட்கும்படி கத்தினேன். "பெத்தவ நான்" என்றாள். எனக்கோ பிள்ளை இல்லை. நான் அவித்துக் கொண்டுபோன முட்டையை அவள் தொடவில்லை. குணமணி வீடு தேடி வந்தார். அவருக்குக் கதவையே திறக்கவில்லை.

பத்து நாள் போயிருக்கும். என் அறைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, வந்து பாரேன்! கன்னம் வந்துடுச்சு!"

அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. வேலுவின் பாதத்தை அழுத்தினேன். குழி விழுந்தது, நிறையவில்லை. அவன் என்னைப் பார்த்தான், சிரிக்கவில்லை. உடம்பு கொதித்தது. அவனை வாரிக்கொண்டு டாக்ஸி பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டான்.

பாயில் கிடத்தியிருந்தோம். வந்தவர்களெல்லாம், "எப்படிக் கொழுகொழுன்னு இருந்த பிள்ளை!" என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். பூவம்மா நிறைவயிற்றோடு என் கையைப் பற்றினாள்.

"வயிறு நெறையத்தானேக்கா குடுத்தேன்? கன்னமெல்லாம் வந்துச்சே. நான் என்னக்கா செஞ்சேன்?"

குணமணி சொன்னது முழுவதும் எனக்கு மனப்பாடம். அடுத்தது பிறந்ததும் அதை இவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நீ ஒண்ணும் செய்யலடி" என்றேன். "கண்ணு பட்டுடுச்சு."