அசல் எடுக்கப் போன வேன்

குதிகாலை ஊன்றினால் ஆணி ஏறுகிற மாதிரி வலித்தது. காவேரி வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, கவுண்டர் மேசைக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டி மேல் வைத்துக்கொண்டாள். ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடமெல்லாம் விட்டாயிற்று. பத்தரை மணிக்கே வரிசை பார்க்கிங் வரை போயிருந்தது. பதினேழு வயதில் கான்கிரீட் சட்டி சுமக்க ஆரம்பித்த கால் அது. இந்த மைசூர்த் தண்ணீர்ப் பூங்காவின் அலைக்குளத்தில் கொட்டிய கான்கிரீட்டில் பாதி அவள் தலையில் ஏறி இறங்கியதுதான். குளம் முடிந்ததும் மேஸ்திரி ஆட்களை ஓட்டிக்கொண்டு ஹாசன் பக்கம் போய்விட்டார். காவேரி போகவில்லை. துடைப்பம் கேட்டு வாங்கி நான்கு வருடம் இங்கேயே கழிப்பறை கழுவினாள். அதற்கப்புறம்தான் இந்த நாற்காலி. மார்டள்ளியில் கல் உடைக்கிற குடும்பம் அவளுடையது. அந்தக் குடும்பத்தில் உட்கார்ந்தபடி வேலை செய்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் தினமும் காலையில் உட்காருவதற்கு முன் அந்த நாற்காலியை ஒரு தடவை துடைப்பாள்.

நாற்காலியை வாங்கிக் கொடுத்தது அவளுடைய கட்டைவிரல். வெளியே போர்டில் மூன்று வரி இருந்தது. இந்தியர் எழுநூறு, வெளிநாட்டவர் ஆயிரத்து நானூறு. மூன்றாவது வரி பொடி எழுத்தில்: இங்கேயே வசிக்கிற வெளிநாட்டவருக்கும் எழுநூறுதான், பதிவுச் சான்றின் அசலைக் காட்ட வேண்டும், நகலும் செல்போன் படமும் செல்லாது. அந்த மூன்றாவது வரியால் தினம் ஒரு சண்டை. ஊருக்குள் கோகுலம் பகுதியில் வாடகைக்கு வீடெடுத்து வருஷக்கணக்கில் யோகா படிக்கிற வெள்ளைக்காரர்கள் விதவிதமான காகிதத்தோடு வருவார்கள். கவுண்டரில் இருந்த டிகிரி படித்த பெண்கள் விளக்கில் பிடித்துப் பார்த்தும் அசல் எது நகல் எது என்று தெரியாமல் முழிப்பார்கள். ஒருநாள் தரை துடைத்துக்கொண்டிருந்த காவேரி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒன்றை வாங்கித் தடவினாள். "இது ஜெராக்ஸுங்" என்றாள். கட்டிடத்தில் லோடு மணல் வந்து இறங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கு நடுவில் தேய்த்து, மண் எத்தனை கலந்திருக்கிறது என்று சொல்கிற விரல். காகிதத்தில் அழுத்திய முத்திரை மேடும் பள்ளமுமாக இருக்கும். நகலில் அது வெறும் படம். எட்டாவதோடு நின்றவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் நேரமாகும். தடவ நேரமாகாது.

"ஏனுங்க, பதினாலு டிக்கெட் குடுங்க. எல்லாரும் பெரியவங்கதானுங்க."

காவேரி நிமிர்ந்தாள். குரல் கோயமுத்தூர்க் குரல், முகம் வேறு. கன்னமேடு உயர்ந்த, வெயிலில் சிவந்த முகம். ஐம்பது வயதிருக்கும். பின்னால் அதே சாயலில் பதின்மூன்று பெண்கள். பைலக்குப்பே அகதிக் குடியிருப்பின் திபெத்துக்காரர்கள்.

"தமிழ் எங்கீங்க்கா படிச்சீங்?"

"கோயமுத்தூரு பிளாட்பாரத்துல இருபத்திரண்டு குளிருக்கு ஸ்வெட்டர் வித்திருக்கறனுங்க. பேரம் பேசாம வாங்குனவங்க ஒருத்தர் இல்ல. பின்ன தமிழ் வராம எங்க போகும்?"

அடுத்த கவுண்டர் ஜீவிதா சத்தமாகச் சிரித்துவிட்டாள். வந்தவள் பெயர் லாமோ. பதினான்கு பேரும் சேர்ந்து வியாபாரத்துக்குப் போகிறவர்கள். குளிர் முடிந்து கடையைக் கட்டிக்கொண்டு வந்தால் வருஷத்துக்கு ஒரு நாள் இப்படி எங்கேயாவது வேன் எடுத்துப் போவார்களாம். இடுப்பில் கட்டியிருந்த துணிப்பையிலிருந்து தன் பதிவுச் சான்றான போலீஸ் புத்தகத்தை எடுத்தாள், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்து நீட்டினாள்.

முதல் புத்தகம் லாமோவுடையது. முத்திரை விரலில் சொரசொரத்தது. இரண்டாவது வழவழப்பு. மூன்றாவதும். பதின்மூன்றும் வழவழப்பு. கலரில் அச்சு அசலாக எடுத்து, நடுவில் பின் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கச்சிதமாகச் செய்த நகல்கள். காவேரி கடைசிப் புத்தகத்தை இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். சொல்லாமல் விட்டால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியப்போவதில்லை. ஜீவிதாவாக இருந்தால் இதற்குள் டிக்கெட் அடித்துக் கொடுத்திருப்பாள். ஆனால் சொல்லாமல் விடுவதற்கு இந்த நாற்காலியில் காவேரி எதற்கு?

"அக்கா, உங்களோடது மட்டுந்தான் அசலு. மத்ததெல்லாம் ஜெராக்ஸுங்."

லாமோ மறைக்கவில்லை. "ஆமாங்க. தண்ணியில வெளையாடற எடத்துக்கு அந்தப் புக்கை எடுத்துட்டு வருவாங்களா? அது நனைஞ்சு போனா நாங்க ஆளே இல்லீங்க. அதனால பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு வந்தாங்க."

"நீங்க மட்டும்?"

"எனக்கு பீரோ மேல நம்பிக்கை இல்லீங்க."

வரிசை முனக ஆரம்பித்தது. மேனேஜர் முரளிதரன் வந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. "ஏனாய்த்து காவேரி? லைன் நின்னுபோச்சு." விஷயத்தைக் கேட்டார், நகல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். வந்தவர்களுக்குப் புரியாது என்று நினைத்துத் தமிழிலேயே சொன்னார், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி: "டூப்ளிகேட் புக் அடிச்சு ஏமாத்த வந்திருக்காங்க. இந்தச் சைனாக்காரங்க புத்தியே இதுதானே."

லாமோ அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க சார். நான் பொறந்தது பைலக்குப்பே. எங்கம்மா செத்தது மைசூரு பெரியாஸ்பத்திரியில. சைனாவை நான் மேப்புலதானுங்க பாத்திருக்கறேன்."

முரளிதரனுக்குக் காது வரை சிவந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. "சரிம்மா, ரூல்ஸ் ரூல்ஸ்தானே? அசல் இல்லேன்னா ஃபாரினர் ரேட். குரூப்பா வந்திருக்கீங்க, பத்து பர்சென்ட் கம்மி பண்ணிக் கொடுக்கறேன். அட்ஜஸ்ட் மாடி."

லாமோ பையிலிருந்து ஐநூறு ரூபாய்க் கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள். "காசு இருக்குதுங்க. அந்த டிக்கெட்டுல என்னன்னு எழுதியிருக்கும்?"

"ஃபாரின் டூரிஸ்ட்னு இருக்கும்."

"அப்ப வேண்டாமுங்க. நான் சுத்திப் பாக்க வந்தவ இல்ல." கட்டு மறுபடி பைக்குள் போனது. காவேரி பக்கம் திரும்பினாள். "எத்தனை மணி வரைக்கும் உள்ள விடுவீங்க?"

"மூணுங். அதுக்கப்புறம் கம்ப்யூட்டரே டிக்கெட் அடிக்காதுங்."

பைலக்குப்பே போக ஒன்றேமுக்கால் மணி நேரம், வர ஒன்றேமுக்கால் மணி நேரம், பதின்மூன்று பீரோவைத் திறக்கிற நேரம் வேறு. அப்போது மணி பத்து நாற்பது. லாமோ திபெத்து மொழியில் ஏதோ சொன்னாள். ஒருத்தி கூட எதிர்த்துப் பேசவில்லை. பதின்மூன்று பேரும் இடுப்பிலிருந்தும் கழுத்துச் சங்கிலியிலிருந்தும் பீரோச் சாவிகளை அவிழ்த்தார்கள். ஒருத்தி அத்தனையையும் துண்டில் முடிந்துகொண்டு வேனில் ஏறினாள். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

அதற்கப்புறம் காவேரிக்கு வேலை ஓடவில்லை. இரண்டு தடவை மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள். உள்ளே அலைக்குளத்தின் சங்கு ஊதும்போதெல்லாம் மரத்தடியிலிருந்து பெண்கள் தலையைத் திருப்பிப் பார்த்தது தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி அங்கே போனாள். அவர்கள் ரொட்டியும் மிளகாய்த் துவையலும் வைத்திருந்தார்கள். காவேரி புளிச்சோற்றைப் பங்கு வைத்தாள்.

"எம்மேல கோவமாங்க்கா?"

"எதுக்கு?"

"நான் சொல்லாம இருந்திருக்கலாமுங்."

லாமோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு எவனாச்சும் எம்பேருல ஒரு ஜெராக்ஸ் போட்டுட்டுத் திரிஞ்சான்னா, அதைப் புடிக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல கண்ணு? நீ பாத்தது சரி. அவரு பேசுனதுதான் சரியில்ல."

காவேரி இன்னொரு வாய் சோறு எடுத்தாள். "நானும் இப்படித்தானுங். எந்த ஊருன்னு கேட்டா மார்டள்ளிம்பேன். ஓ, தமிழ்நாடாம்பாங்க. இல்ல, கர்நாடகாவேதான்னு சொன்னா, அப்புறம் எதுக்குத் தமிழ் பேசறேம்பாங்க. ரேஷன் கார்டுக்கு மூணு தடவை திருப்பி அனுப்புனாங்க."

"ஆனா உன்கிட்ட புக்கு கேக்கலையில்ல?"

"கேக்கலீங்."

"அப்ப நீ பரவால்ல, போ!" லாமோ சிரித்தாள். புரிந்தவர்களும் புரியாதவர்களுமாகப் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டேகால் ஆயிற்று. முரளிதரன் கவுண்டருக்குள் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் உக்காந்திருக்காங்களா? என்ன திமிரு பாரு. மூணுன்னா மூணுதான், நான் பாஸ்வேர்ட் போட்டு ஓப்பன் பண்ண மாட்டேன்." காவேரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு வண்டிக்காக அவள் எப்போதும் காத்திருந்ததில்லை, சம்பளம் கொண்டுவருகிற மேஸ்திரி வண்டிக்குக்கூட.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு வேன் வந்தது. துண்டு மூட்டையைக் கவுண்டர் மேல் வைத்தாள் போனவள். காவேரி லாமோவுடையதையும் சேர்த்துப் பதினான்கையும் பிரித்து அடுக்கினாள். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பக்கம் திருப்பி, முகத்தைப் பார்த்து, பெயரை எழுத்துக்கூட்டி, முத்திரை மேல் விரல் வைத்தாள். சொரசொரப்பு. சொரசொரப்பு. முரளிதரன் பின்னால் நின்று மூச்சு விடுகிறது கேட்டது. பதினான்காவதை மூடிவிட்டு, வரிசைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"பதினாலும் அசலுங் சார்."

டிக்கெட்டுகள் வந்தன. இங்கே வசிப்பவர் என்று அடித்திருந்ததை லாமோ விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தாள். புத்தகங்களை என்ன செய்வது என்று தயங்கினாள். காவேரி தன் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். பதின்மூன்றும் உள்ளே போயின. கொஞ்சம் யோசித்து லாமோ தன்னுடையதையும் மேலே வைத்தாள். காவேரி பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

அவர்கள் உள்ளே போனதும் காவேரி எழுந்து நின்றாள். "சார், வெளிய வரும்போது அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்."

"என்ன வார்த்தை?"

"டூப்ளிகேட் அடிச்சாங்கன்னு சொன்னீங்க. சைனாக்காரங்கன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க."

முரளிதரன் செல்போனைப் பார்த்தார். "ஆய்த்து, ஆய்த்து, பார்க்கலாம். நீ உன் வேலையைப் பாரு." ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜீவிதா கண்ணை அகல விரித்துக் காவேரியைப் பார்த்தாள். காவேரி உட்கார்ந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஐந்தரைக்குப் பதினான்கு பேரும் தலை சொட்டச் சொட்ட வெளியே வந்தார்கள். அலை வந்தபோது எல்லாரும் கைகோத்து நின்றதாகவும், ஒருத்தியையும் அது சாய்க்கவில்லை என்றும் லாமோ சொன்னாள். "அந்தக் குளத்துக்கு நாந்தானுங்க்கா கான்கிரீட் சுமந்தேன்" என்றாள் காவேரி. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை ஒருத்தரிடம் சொன்னாள். லாமோ அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அதான் தரை ஆடல" என்றாள்.

எல்லாரும் வெறுங்காலோடு ஆபீஸ் கதவுக்கு முன்னால் நின்று புத்தகங்களை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். லாமோ ஆபீஸ் அறைப் பக்கம் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது, கீழே இடுக்கில் வெளிச்சம் இருந்தது.

"சாருக்கு வேலை அதிகமோ?"

"இல்லீங்."

"சரி, இருக்கட்டும். அடுத்த வருசமும் நாங்க வருவமில்ல."

வேன் கிளம்பியது. காவேரி கல்லாவைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். ஆபீஸ் கதவுக்கு முன்னால், சிமெண்டுத் தரையில், இருபத்தெட்டு பாதங்களின் ஈரம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. முரளிதரன் அந்தப் பதினான்கு பெண்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.