வீட்டில் ஆள் இருக்கிறாள்

மருத்துவமனையில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வேலையை விட்டு ஏழு மாதமாகியும் அந்தப் பெயர் மட்டும் அவளை விடவில்லை.

வேலையை விடு என்று கணவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் கப்பலில் எஞ்சினியர். எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. போன விடுமுறையில் கூடத்தின் பாதியை அடைத்து ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தான். உப்புத் தண்ணீர், பவளம், பாறை. பாறைமேல் மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு நட்சத்திர மீன்.

"ஆவியாப் போற அளவுக்குத் தினம் ரெண்டு வேளை நல்ல தண்ணி ஊத்தணும். உப்பு கொஞ்சம் ஏறினாலும் இது தாங்காது. நீ ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டுன்னு ஓடினா யாரு பாப்பா?"

இரண்டு மாதம் விடுப்புப் போட்டாள். விடுப்பு நீண்டு ராஜினாமா ஆயிற்று.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள எதிர்ச்சுவரில் கேமரா மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதில் தொட்டி தெரியும், அவள் உட்காரும் நாற்காலி தெரியும், வாசல் கதவும் தெரியும். கப்பல் கரை தொடும்போதெல்லாம் ஃபோன் வரும். "நேத்து மூணு மணி நேரம் வெளியில இருந்த போலிருக்கே?" கனிவாகத்தான் கேட்பான். கத்துகிறவனாக இருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். கனிவோடு எப்படிச் சண்டை போடுவது? தங்கை பிரசவத்துக்குப் போனவள் குழந்தையின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் திரும்பி ஓடிவந்தாள். புலி வாலைப் பிடித்த கதைதான்.

நான்காம் மாதம் நட்சத்திர மீன் செத்தது. கை நுனிகள் பஞ்சாய் வெளுத்து, தொட்டால் கரைந்தன. என்ன தப்புச் செய்தோம் என்று தண்ணீர் அளவு குறித்த நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அவன் அங்கிருந்தே இன்னொன்று வரவழைத்தான். இப்போது அதற்கும் ஒரு கை வெளுக்கத் தொடங்கியிருந்தது. இறால் துண்டை அதன் வழியில் வைத்தாள். கல்லைத் தாண்டுவதுபோல அது தாண்டிப் போயிற்று.

அந்த வாரம் எக்ஸ்ரே பிரிவின் டாக்டரம்மா கூப்பிட்டார். "பழைய போஸ்ட் காலியாகுது. வியாழக்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ. வந்து சேரு."

மறுநாளே கணவனின் ஃபோன். "கேமராவுல பாத்தேன், இதுவும் வெளுக்குது. வியாழக்கிழமை காலையில புதுசு ஒண்ணு வருது. மூணு மணி நேரம் சொட்டுச் சொட்டா நம்ம தண்ணியைக் கலந்து பழக்கித்தான் உள்ள விடணும். பக்கத்துலயே இரு."

"சரிங்க," என்றது அவள் வாய், அவளைக் கேட்காமலேயே.

புதன்கிழமை, நோயாளி மீனைத் தண்ணீரோடு வாளியில் இறக்கி, கணவன் வழக்கமாக வாங்கும் வளர்ப்புமீன் கடைக்குக் கொண்டு போனாள். கடைக்காரர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பட்டினிம்மா. பாறையில படியிற படலத்தைத்தான் இது மேயும். உங்க தொட்டிப் பாறை நாலு மாசத்துக்குக் கூடப் பத்தாது. நீங்க தலைகீழா நின்னாலும் முடியாது."

"அவருக்குத் தெரியுமா?"

கடைக்காரர் வாளியையே பார்த்தார். "விக்கும்போதே சொன்னேன். 'வீட்ல ஆள் இருக்கா, பாத்துக்குவா'ன்னாரு."

"நாளைக்குப் புதுசு அனுப்பாதீங்க."

"அவரு சொன்னதும்மா..."

"வாங்கிக்க ஆள் இருக்காது."

வாளியில் இருந்ததைத் தன் பெரிய தொட்டியில் விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். பிழைக்கும் என்று சொல்லவில்லை.

வியாழன் காலை, செருப்பு மாட்டும்போது ஃபோன் அடித்தது.

"பொட்டி வந்துச்சா?"

"வராதுங்க. நான்தான் வேண்டாம்னேன். இன்டர்வியூவுக்குப் போறேன்."

"நான் வந்ததும் பேசிக்கலாம். இன்னைக்குப் போகாத. தண்ணி யாரு ஊத்துவா?" அதே கனிவு. அவள் ஃபோனை வைத்தாள். ஆனாலும் கால் நகரவில்லை. வாசலிலேயே இருபது நிமிடம் நின்றாள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. டாக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கினார். திட்டி ஓய்ந்தபின், "லீவு போடுறவங்களுக்குப் பதிலா வாரம் மூணு நாள் வர்றியா?" என்றார். வருகிறேன் என்றாள்.

பதினோராம் நாள் நட்சத்திர மீன் போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னார். அன்று வேலையிடத்து ஓய்வறையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பவளங்கள் உயிரோடு இருந்தன. அவற்றுக்கு மாலையில் வந்து தண்ணீர் ஊற்றினாள். வேலை இல்லாத நாட்களில் கதவைத் தாண்டக்கூட அவளுக்கு இன்னும் தயக்கமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் கணவன் வந்தான். மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் தொட்டிமுன் நின்று, "வெறிச்சோடிக் கிடக்கு. ஒண்ணே ஒண்ணு வாங்கலாமா?" என்றான்.

"அது சாகும்னு உங்களுக்குத் தெரியும்."

"நீ நல்லாப் பாத்துக்குவியேன்னுதான்..."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "இன்னைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். ரெண்டு குடம் தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன், ஊத்திடுங்க."

அவன் அப்போதும் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.