குளியலறையில் பாடக் கூடாது

அவள் கணவர் இறந்த அன்று மாலைக்குள் தங்கமான மனிதர் ஆகிவிட்டார்.

அதற்கு முன்பு அவர் அப்படியொன்றும் தங்கமாக இருந்ததில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார். கரண்டியை டம்ளருக்குள் விட்டபடியே டீ குடிப்பார். ஒரே பாட்டின் முதல் இரண்டு வரிகளை முப்பத்தோரு வருடமாகக் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரி அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. அவள் கதவைத் தட்டுவாள். அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் யாருக்கும் இந்த ஆளைத் தெரியவில்லை. அதிர்ந்து பேசாதவர் என்றார்கள். ஆறு வருடம் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத மச்சினர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார். பெற்ற மகளே, "அப்பா யார் மனசையும் நோகடிச்சதில்லம்மா" என்றாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு அவரிடம் வாங்கிய திட்டில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த அதே மகள்தான். ஏழு மாதம் இப்படியே போனதில் கட்டிய மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது. தான் குடித்தனம் நடத்தியது யாரோடு? மாலை போட்ட படத்தில் இருப்பவர் யார்? ஆளே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தார், அதுவும் பாராட்டிலேயே.

அவருடைய பாக்கெட் டைரியில் ஒரு முகவரி இருந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்டைச் சரிசெய்யப் போய், ஒன்பது நாள் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அந்த வீட்டாருக்கு அவர் இறந்தது தெரியாது. தெரியாதவர்கள் உண்மையைச் சொல்ல வாய்ப்பு உண்டு என்று அவளுக்குத் தோன்றியது. தன் பெயரில் அதே அறையை மூன்று நாளைக்குப் பதிவு செய்தாள்.

"தனியாவா? யாருன்னே தெரியாத வீட்டுலயா?" என்றாள் மகள்.

"உங்கப்பாவை அரை மணி நேரம் பாத்துட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். இது பரவால்ல, மூணு நாள்தான்."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மனிதர், தனியாக வருகிற பெண்ணிடம் கேட்க வேண்டிய பதினேழு கேள்விகளையும் வரிசை பிசகாமல் கேட்டார். கணவர் எங்கே என்றதும் "முன்னாடியே போயிட்டார்" என்றாள். இறங்கும் இடத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று அவர் நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

வீட்டுக்கார அம்மாள் ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் வேலை பார்ப்பவள். இருபத்தாறு வருடம் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிய கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. வாசல் பூட்டில் 'திறக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்'. பால்கனி நாற்காலியில் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்'. சுவிட்ச், குழாய், ஜன்னல் எல்லாவற்றிலும் வெள்ளைக் காகிதம், நீல மை, குண்டு எழுத்து. அவளுடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். அவர் மீது மட்டும் லேபிள் இல்லை. மனிதர் வாயைத் திறக்காமல் இருந்ததைப் பார்த்தால் உள்ளே எங்கோ ஒட்டியிருக்கும் போலிருந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் இருக்காங்க," என்றாள் ஸ்டோர் அம்மாள், வீட்டைச் சுற்றிக் காட்டியபடி. "நானா எதையும் எழுதல. ஆள் வருவாங்க, அக்கிரமம் பண்ணுவாங்க, போவாங்க. நான் எழுதி ஒட்டுவேன். இந்த ஜன்னல், ஒரு போட்டோக்காரப் பையன். இந்த அலமாரி, புதுசா கல்யாணமான ஜோடி. அதை விடுங்க."

படுக்கையறைச் சுவரில் 'ஈரத் துண்டு கட்டிலுக்கு ஆகாது' என்றிருந்தது. அவள் நின்றுவிட்டாள்.

"இது?"

"லிஃப்ட்காரர்னு ஒருத்தர். ஒம்போது நாள். அதை ஏன் கேக்குறீங்க."

கேட்கத்தான் இருநூறு கிலோமீட்டர் வந்திருக்கிறாள். ஆனாலும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். சந்தோஷம் தாங்காமல் கை மட்டும் சும்மா இருக்கவில்லை. டீ போடப் போன இடத்தில், வீட்டுப் பழக்கமாக, சமையலறை டப்பாக்களை எல்லாம் உயரவாரியாக அடுக்கி வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மாலை மூன்று பேரும் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். மேஜையில் ஒரு லேபிள்: 'கரண்டியை எடுத்துவிட்டுக் குடிக்கவும்'.

"இதுவும் லிஃப்ட்காரரா?" என்றாள் அவள்.

"வேற யாரு? கண்ணைக் குத்திக்கப் போறீங்கன்னு சொன்னா, முப்பது வருஷமா குத்தலைங்கறார். பாத்ரூம்ல பாத்தீங்களா? 'பாடக் கூடாது'. பாட்டாவது முழுசாப் பாடுனாரா? ரெண்டே வரி. கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி. நான் போயி கதவைத் தட்டுனேன். நிறுத்துவார்னு பாத்தா மறுபடி மொதல்லருந்து எடுக்கறார்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். இதோ, ஆள் வந்துவிட்டார். சட்டையில்லாமல், தலை துவட்டாமல், தரையெல்லாம் ஈரம் சொட்ட நிற்கிறார்.

"அப்புறம்?"

"அப்புறமென்ன, நான்தான் வீட்டுக்காரிங்கறதே மறந்துபோச்சு அவருக்கு. டிவி பாத்துட்டே, 'இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு செய்தி வாசிக்கறவரோட சண்டை. அந்தாள் பொண்டாட்டியை நெனைச்சாத்தான் பாவமா இருக்கு. ஒண்ணு மகாப் பொறுமைசாலியா இருக்கணும், இல்ல காது செவிடா இருக்கணும்."

"காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் அவள்.

சொல்லியிருக்கக் கூடாது. ஏழு மாதத்தில் முதல்முறையாக வீட்டில் இருப்பது போல இருந்ததில் வாய் தவறிவிட்டது. ஸ்டோர் அம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு அவள் நெற்றியைப் பார்த்தாள்.

"அவரு...?"

"ஏழு மாசம் ஆச்சு. நெஞ்சுவலி."

ஸ்டோர் அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று விருந்தாளிக்குத் தெரிந்தது. தடுக்க நேரமில்லை.

"தங்கமான மனுஷங்க அவரு," என்றாள் ஸ்டோர் அம்மாள்.

போச்சு. இருநூறு கிலோமீட்டர், இரண்டு பஸ், பதினேழு கேள்வி, எல்லாம் போச்சு. உலகத்தில் அவரைத் திட்டுவதற்கு மிச்சமிருந்த ஒரே ஆளையும் ஒரே வாக்கியத்தில் கெடுத்துக்கொண்டாள்.

"என்ன அருமையான குரல்," என்று ஸ்டோர் அம்மாள் தொடர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, உண்மையாகவே கலங்கியிருந்தது, அதுதான் கொடுமை. எழுந்து குளியலறைக் கதவுக்குப் போய், லேபிளின் முனையை நகத்தால் கிள்ளத் தொடங்கினாள். "இனி இது எதுக்குங்க. பாவம். என்னை மன்னிச்சிருங்க."

"எடுக்காதீங்க."

"இல்லைங்க, பாக்க உங்களுக்கு கஷ்டமா—"

"எடுக்காதீங்கன்னு சொல்றேன்ல." குரல் உயர்ந்துவிட்டது. அவள் எழுந்து போய்ச் சுருண்டிருந்த முனையை விரலால் அழுத்தினாள். பசை பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். "எங்க ஊர்ல அவரை எல்லாரும் தங்கம்னு சொல்லிச் சொல்லி எனக்கு ஆளே தெரியாமப் போச்சு. நீங்க ஒருத்தராவது திட்டுங்க. இன்னும் என்னென்ன பண்ணுனாரு, சொல்லுங்க."

ஸ்டோர் அம்மாள் விழித்தாள். செத்தவரைத் திட்டுவதற்கு அவளிடம் லேபிள் இல்லை.

அப்போதுதான் வேன்காரர் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பூப்போட்ட ஜாடி," என்றார், டீயைப் பார்த்தபடி. "பூனை உடைக்கல."

ஸ்டோர் அம்மாள் திரும்பினாள். "என்னது?"

"அவருதான் உடைச்சாரு. பந்து எப்படிப் போடணும்னு எனக்குச் சொல்லிக் காட்டுனாரு. எலுமிச்சம்பழத்தை வச்சு. பூனை மேல போட்டுடலாம்னதும் அவருதான்."

"எங்கம்மா குடுத்த ஜாடி! ஒரு மாசம் அந்தப் பூனைக்கு நான் பால் வைக்கலையே. சோறு போட்ட வீட்டுல இப்படியொரு திருட்டுத்தனமா? ரெண்டு பேரும் சேந்து என் மூஞ்சைப் பாத்து..." அவள் நிறுத்தி, விருந்தாளியைப் பார்த்தாள். "ஆளு சரியான ஃபிராடும்மா உன் வீட்டுக்காரர்."

"ஆமா," என்றாள் அவள். மனசு நிறைந்து சொன்னாள். "எங்க வீட்லயும் எல்லாத்தையும் பல்லி மேலதான் போடுவாரு."

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் வேன்காரர். ஒரு வருடத்துக்கான பேச்சை அன்றைக்கே முடித்துவிடும் உத்தேசம் போலிருந்தது. "மொத நாள் இவ கதவைத் தட்டுனாளே, வெளில வந்து எங்கிட்ட சொன்னாரு. தட்டுற வரைக்கும் ஏதோ வெளியூர்ல இருக்கற மாதிரியே இருந்துச்சாம். இப்பதான் சரியாச்சுன்னாரு."

அவள் டம்ளரை எடுத்து, ஆறிப்போன டீயைக் கரண்டியோடேயே குடித்தாள். யாரும் தடுக்கவில்லை.

அந்த இரவெல்லாம் நல்ல தூக்கம். காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது குளியலறைக் கதவைப் பார்த்தாள். முனைக்குப் புதுப் பசை தடவி அழுத்தியிருந்தது. சமையலறையில், இரண்டு நாளாகச் சர்க்கரையைத் தேடிக் களைத்துப்போன ஸ்டோர் அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் ஒரு புது லேபிள், மை இன்னும் காயவில்லை.

'கேட்காமல் டப்பாவை இடம் மாற்றாதீர்கள்.'

அதற்குப் பக்கத்தில், ஜாடி இருந்த காலி இடத்தில், இன்னொன்று: 'வீட்டுக்குள் பந்து போடக் கூடாது. பூனை சாட்சி.'

இரண்டையும் ஒட்டினாற்போலத்தான் ஒட்டியிருந்தாள்.

"இனிமே வர்றவங்க கேட்டா," என்றாள் அவள், "இது ரெண்டும் ஒரே குடும்பம்னு சொல்லுங்க."

"அதைச் சொல்லாம இருப்பேனா," என்றாள் ஸ்டோர் அம்மாள். "மொதல்ல சர்க்கரை எங்கன்னு சொல்லிட்டுப் போ."