உடம்பிலுள்ள நம்பர்

பல்செட்டார் வீட்டு ஷெட்டுக்குள் போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போகவேண்டும். இரண்டு சுவருக்கும் நடுவில் கார் நிற்கிறது. காருக்கும் சுவருக்கும் நடுவில், ஒல்லியான ஆள் ஒருவர் பக்கவாட்டில் நகரும் அளவுக்கு இடம். ஒன்பது வருஷமாக அப்படியே நகர்ந்து நகர்ந்து, பல்செட்டாருடைய எல்லாச் சட்டைகளிலும் மூன்றாவது பொத்தான் தேய்ந்திருந்தது.

தொழில், பல்செட் கட்டுவது. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் அதற்குப் பல் வைத்துத் தருவார். மனசெல்லாம் இந்தக் காரில். நீண்ட மூக்கும் குட்டையான பின்பக்கமும் கொண்ட, இரண்டே கதவுள்ள, ஆறு சிலிண்டர் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஓடிய மாடல். ஒரு கோழிப் பண்ணையின் பின்னால் கூரை ஒழுகும் இடத்தில், இருக்கைமேல் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் கிடைத்தது. அவர் மனைவி அதற்கு வைத்த பெயர் ஜப்பான்காரி.

"சாப்பாடு ஆறுது. ஜப்பான்காரிகிட்ட உத்தரவு வாங்கிட்டு வாங்க" என்பாள். ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அதில் ஏறி உட்கார்ந்ததில்லை.

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. என்ஜின் முதல் திருகலிலேயே பிடிக்கிறது. மூன்று கார்புரேட்டரும் ஒரே குரலில் பேசுகின்றன. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: பழைய வண்டிகளுக்கான சோதனைச் சான்றிதழ். அது இருந்தால்தான் ரோட்டில் இறக்கலாம். பழைய பதிவுப் புத்தகத்தின் ஆயுளோ இந்த மாதத்தோடு முடிகிறது. முடிந்துவிட்டால் புதுப்பிக்க வழியில்லை. அப்புறம் ஜென்மத்துக்கும் அது ஷெட்டு வண்டிதான்.

சோதனைக்கு வந்தவர் ஒரு அம்மா. கையில் டார்ச், தோளில் துணிப்பை. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, "நல்லா செஞ்சிருக்கீங்க. இப்ப சேஸிஸ் நம்பரைக் காட்டுங்க" என்றார்.

இந்த நிமிஷத்துக்காகத்தான் பல்செட்டார் ஒன்பது வருஷம் காத்திருந்தார். என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர் உண்டு. அதில்தான் கம்பெனியில் நம்பரை அழுத்திப் பொறித்திருப்பார்கள். எங்கேயோ தேடிப்பிடித்து வாங்கிய பழைய கையேட்டில் படமே போட்டிருந்தது: இடது மூலை. கோழிப் பண்ணைக்காரர் துருவுக்குப் பயந்து சுவர் முழுக்கத் தார் பெயிண்ட் அடித்திருந்தார். மற்ற இடத்தையெல்லாம் சுரண்டிய பல்செட்டார், அந்த மூலையை மட்டும் தொடவில்லை. சுற்றி டேப் ஒட்டி, "இங்கே கை வைக்கக்கூடாது" என்று எழுதியும் வைத்திருந்தார். நம்பரில் ஒரு கீறல்கூட விழக்கூடாதாம்.

டேப்பை உரித்தார். தின்னரில் பஞ்சை நனைத்து, நோயாளியின் ஈறைத் துடைப்பதுபோல் மெதுவாகத் துடைத்தார். தார் கரைந்தது. கீழே தகடு தெரிந்தது. துடைத்துவிட்ட பலகை மாதிரி வெறும் தகடு.

இன்னும் கொஞ்சம் துடைத்தார். ஒன்றுமில்லை.

"எந்தப் புத்தகம் பாத்தீங்க?" என்று கேட்டார் ஆபீசரம்மா. கையேட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். "இது இடதுபக்க ஸ்டியரிங் வண்டிக்குப் போட்ட புத்தகம் சார். உங்களது வலது. இதுக்கு நம்பர் அந்தப் பக்கமா இருக்கும்." டார்ச்சை வலது மூலைக்குத் திருப்பினார். அங்கே ஃபியூஸ் பெட்டியும் ஒயர்க் கட்டுகளும் மறைத்துக்கொண்டிருந்தன.

"கம்பெனிப் பேர்த் தகடு தனியா இருக்கே மேடம். ஆணி அடிச்ச தகடு. அதுலயும் இதே நம்பர்தான்."

"தகடு சட்டை மாதிரி சார். யார் வேணும்னாலும் கழட்டிப் போட்டுக்கலாம். எனக்கு உடம்புல இருக்கிறது வேணும். பெட்டியைக் கழட்டி, பெயிண்டைச் சுரண்டி வைங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். பென்சில் தேய்ச்சு நகல் எடுத்துட்டா முடிஞ்சது."

அவர் போனதும் பல்செட்டார் காருக்கும் சுவருக்கும் நடுவிலேயே நின்றார். உட்காரலாம் என்றால் உட்கார இடமில்லை. வலது மூலையில் பெட்டியைக் கழற்றவேண்டிய அவசியமே இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் முழுவதையும், தாரைச் சுரண்டுவதற்கு முன்பே, சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, மந்தமாகச் சத்தம் வந்த இடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டவர் அவர்தான். பாட்டரி அமிலம் அரித்த இடம். கட்டம் போட்டதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தவர், வெல்டிங் கடை வைத்திருக்கும் மனைவியின் அண்ணன்.

சாயங்காலமே மச்சான் வந்துவிட்டார். கேட்டதும் முதலில் சிரித்தார்.

"மாப்பிள்ளை, வெறும் மூலைக்கு நாலு வருஷம் காவல் இருந்திருக்கீங்க. நான் மூச்சு விட்டாக்கூட 'அந்தப் பக்கம் விடாதீங்க'ன்னு விரட்டினீங்களே!"

"அண்ணே, சிரிக்கிற நேரமா இது?" என்றாள் தங்கை. "மனுஷன் மூஞ்சியைப் பாரு. பல்லைக் கழட்டி வச்ச மாதிரி இருக்கு."

"சரி, சரி. வெட்டின துண்டு எங்க போச்சுன்னு யோசிக்கிறேன்." மச்சான் தலையைச் சொறிந்தார். அவர் கடையில் எந்தத் தகடும் வீணாகப் போகாது. ஒன்று எதற்காவது முட்டுக்கொடுக்கும், இல்லையென்றால் எதையாவது மூடும். திடீரென்று தொடையில் தட்டினார். "எலிப் பொந்து!"

மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். ஷட்டருக்குப் பின்னால், சுவரும் தரையும் சேரும் இடத்தில், இரண்டு சாண் அகலத் தகடு ஒன்றை நாலு ஆணி அடித்து வைத்திருந்தார். பிடுங்கிவந்து வெளிச்சத்தில் வைத்தார்கள். மேலே தார், கீழே துரு. பல்செட்டார் பஞ்சை எடுத்தார். தின்னரில் நனைத்தார்.

தார் கரையக் கரைய, குழிந்த இலக்கங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. எட்டு இலக்கம். பதிவுப் புத்தகத்தில் இருந்த அதே எட்டு. மூன்றாவதாக இருந்த ஏழு மட்டும் பக்கத்திலிருந்த பூஜ்யத்தின்மேல் சாய்ந்து நின்றது.

"அப்பாடா!" என்றாள் மனைவி. "எலி காப்பாத்திருச்சு."

பல்செட்டாருக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இறங்கின கல் மறுநாள் காலை பதினொரு மணிக்குத் திரும்ப ஏறிக்கொண்டது. எதற்கும் கேட்டுவைப்போம் என்று சோதனை அலுவலகத்துக்குப் போய், ஆபீசரம்மா வெளியே போயிருக்கிறார் என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, கவுன்டரில் இருந்தவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர்... அவர் வண்டியில நம்பர் இருந்த தகட்டைத் தெரியாம வெட்டிட்டாங்க. இப்ப துண்டு கிடைச்சிருச்சு. திருப்பி வெல்ட் பண்ணிட்டா சரியாப் போயிடுமா?"

"போகாது" என்றார் கவுன்டர்க்காரர், தலையை நிமிர்த்தாமல். "நம்பரைச் சுத்தி வெல்டிங் தடம் இருந்தா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. திருட்டு வண்டிக்குச் செய்ற வேலை அது. ஒரு வண்டியிலேருந்து வெட்டி இன்னொண்ணுல ஒட்டுறது."

"இது அதே வண்டியிலேருந்து வெட்டினது."

"திருடினவனும் அதைத்தான் சொல்வான்." இப்போது நிமிர்ந்து பார்த்தார். "உங்க தெரிஞ்சவரைக் கொஞ்சம் மெதுவா மூச்சு விடச் சொல்லுங்க. சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

வீட்டுக்கு வந்து மச்சானிடம் விஷயத்தைச் சொன்னார். தடம் தெரியாமல் இழைத்துவிட முடியாதா என்று கேட்டார். மச்சான் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் மாப்பிள்ளை. அரிச்ச தகடு. தடத்தை இழைச்சா நம்பரும் சேர்ந்து இழைஞ்சிரும். ஆனா..." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் வச்ச புதுத் தகடு ஓரம் வரைக்கும் ஒரே தகடு. நடுவுல ஒட்டே கிடையாது. கம்பெனிக்காரனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதுமேல எட்டு இலக்கத்தை அடிச்சா?"

பல்செட்டார் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"அதே நம்பர்தானே?" என்றார் மச்சான். "வேற வண்டி நம்பரையா அடிக்கப்போறோம்? உங்க புள்ளைக்கு உங்க இனிஷியல் போடுறதுக்கு யாரைக் கேக்கணும்?"

"அடிச்சிருங்க" என்றாள் மனைவியும். "ஒன்பது வருஷம். நானும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். வியாழக்கிழமையோட அந்தச் சனியன் வெளியில ஓடட்டும்."

புதன்கிழமை மத்தியானம் பல்செட்டார் தொழிற்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். எஃகு நம்பர் அச்சுகள் அவரிடமே இருந்தன. கம்பெனி எழுத்துக்கும் இதற்கும் இருந்த சின்னச் சின்ன வித்தியாசங்களை, பல்லைச் செதுக்கும் அதே கருவியால் அரைமணி நேரத்தில் சரிசெய்தார். ஒரு வேண்டாத தகட்டில் அடித்துப் பார்த்தார். மூன்றாவது இலக்கமான ஏழைக்கூடச் சாய்த்தே அடித்தார். இரண்டு தகட்டின்மேலும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, நகல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அவர் அடித்தது, அசலைவிட அசலாக இருந்தது. அசலின் நகலில் துருக்குழிகள் புள்ளி புள்ளியாக விழுந்து, ஏதோ கள்ளவேலை மாதிரி தெரிந்தது.

இரண்டு காகிதத்தையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ பேருக்குப் பல் கட்டியிருக்கிறார். எவ்வளவு பொருத்தமாகக் கட்டினாலும் ஒரு சங்கதி மாறாது: சிரிப்பு வந்தால் அவர்கள் கை தானாக வாய்க்குப் போகும். எதிரில் இருப்பவருக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. ஆனாலும் கை போகும். பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்தில் கார் நின்றதும், "பானெட்டைத் தூக்குங்க" என்பதுதான் முதல் வார்த்தை. தூக்கினதும் எல்லாத் தலையும் நம்பர் இருக்கும் மூலைக்குத்தான் குனியும். அப்போது தன் கை எங்கே போகும் என்று யோசித்தார். இந்தப் பக்கம் திரும்பினால் சுவர், அந்தப் பக்கம் திரும்பினால் சுவர். ஷெட்டில் நிற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எழுந்துபோய் மச்சானுக்குப் போன் செய்தார். "மச்சான், வெல்டிங் மெஷினை எடுத்துட்டு வாங்க. அந்தத் துண்டை இருந்த இடத்துலயே வைக்கணும்."

"என்ன சொல்றீங்க? தடம் பளிச்சுன்னு தெரியுமே!"

"தெரியட்டும்."

"மாப்பிள்ளை, நல்லா யோசிங்க. புதுத் தகட்டை வெட்டிட்டா அப்புறம் அடிக்கக்கூட இடமிருக்காது."

"அதுக்குத்தான் வெட்டச் சொல்றேன். இன்னொரு நாள் யோசிச்சா அடிச்சிருவேன்."

மச்சான் புலம்பிக்கொண்டே வந்தார், புலம்பிக்கொண்டே வெட்டினார், ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. ஆறுவதற்குள் தடத்தைத் தடவிப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டார். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் பல்செட்டாருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆபீசரம்மா வந்தார். பானெட் திறந்தே இருந்தது. டார்ச் வலது மூலைக்குப் போய், நாலு பக்கமும் தடத்தைச் சுற்றி வந்து நின்றது. பல்செட்டார் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். எலிப் பொந்து உட்பட.

"நான் நம்புறேன் சார்" என்றார் அவர். "ஆனா நான் நம்புறதை எழுத இந்தப் பாரத்துல கட்டம் இல்ல."

எழுதினார். 'நம்பர் பகுதி வெட்டி ஒட்டப்பட்டுள்ளது. சாலைக்குத் தகுதியில்லை.' கீழே அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டே, "இதைவிடச் சுலபமான வழி ஒண்ணு இருந்தது. உங்க கைக்கு அது கஷ்டமே இல்ல. தெரியும்ல?" என்றார்.

"தெரியும் மேடம்."

"வீட்டு எல்லைக்குள்ள என்ன வேணும்னாலும் செய்யலாம். கேட்டைத் தாண்டினா பிடிச்சிருவாங்க." துணிப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பல்செட்டார் உள்ளே நுழைந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். பழக்கதோஷம், சாவியைத் திருகினார். என்ஜின் உடனே எழுந்தது. மறுபக்கக் கதவு திறந்தது. மனைவி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உடம்பை ஒடுக்கி உள்ளே நுழைந்து உட்கார்ந்தாள். இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"இதுக்குள்ளதான் ஒன்பது வருஷமா இருந்தீங்களா? காலை நீட்டக்கூட இடமில்ல."

"ம்."

"நகத்துங்க."

"எங்க?"

"அந்தம்மா சொன்னாங்களே. கேட் வரைக்கும் நம்ம இடம்தானே?"

முதல் கியர். முப்பதடி. ஷெட்டின் இருட்டிலிருந்து நீண்ட மூக்கு வெயிலுக்கு வந்தது. திறந்திருந்த கேட்டின் உள்விளிம்பில் முன்சக்கரங்கள் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றன. கை தானாக வலதுபக்க இண்டிகேட்டரைப் போட்டது. அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

ரோட்டில் சைக்கிளில் வந்த ஒருவர் காரைப் பார்த்ததும் பிரேக் பிடித்து இறங்கினார். வாயைப் பிளந்துகொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஓரமாக ஒதுங்கி, நீங்கள் முதலில் போங்கள் என்று மரியாதையாகக் கையைக் காட்டினார்.

பல்செட்டார் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி அசைத்தார்.

"பரவாயில்லைங்க. நீங்க போங்க."

அவர் நகரவில்லை. கார் வெளியே வந்துவிடும் என்று, சைக்கிளைப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.